சாம்பிள் பிள்ளைகள்

ஊத்துக்கரடு பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு டீச்சர் வேண்டும் என்று கேட்டதுதான் சந்திரவல்லி செய்த முதல் தப்பு. கேட்காமல் இருந்திருந்தால் அரசாங்கமும் நிம்மதியாக இருந்திருக்கும், அவளும் இன்றைக்கு நாலு பேரை நிமிர்ந்து பார்த்து ஜீப் ஏறிக்கொண்டிருப்பாள்.

போடியிலிருந்து போடிமெட்டு மலைக்கு ஏறுகிற ரோட்டில், முதல் வளைவு வருவதற்கு முன்னால் இடது கைப்பக்கம் ஒரு மண்பாதை பிரியும். அதில் போனால் ஊத்துக்கரடு. விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் வந்து ஹாரன் அடிக்கும். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளாப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போவார்கள். பொழுது சாய இறங்குவார்கள். அதுவரைக்கும் அவர்கள் பெற்றது முப்பத்தொன்றும் பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். தேவகிருபை டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துத் திரும்புவதற்குள், ஒன்றாம் வகுப்பு 'அ'வை அழித்துவிட்டுக் கபடி ஆடிக்கொண்டிருக்கும். இன்னொரு டீச்சர் இருந்தார்; மாறுதல் வாங்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷத்தில்தான் சந்திரவல்லியின் மகள் சுஜிதா ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்கு வந்தாள். வந்தாளே தவிர, எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. 'பட்டம்' என்றால் 'ப' தெரியும், 'ம்' தெரியும். நடுவில் இருப்பதைப் பார்த்தால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தாய்மாரில் ஒருத்திதான் தலைவராக இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டம் போட்ட அன்றைக்குச் சந்திரவல்லிக்குக் காய்ச்சல், மலைக்குப் போகவில்லை. மலைக்குப் போகாததால் கூட்டத்துக்கு வந்தாள். கூட்டத்துக்கு வந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் தலைவரானாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு மனு எழுதிப் போட்டாள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதில் போட்டது கல்வி இலாகா அல்ல, 'நெடுங்கால வளர்ச்சி மதிப்பீட்டு ஆணையம்'.

'தாங்கள் கோரிய ஆசிரியர் ஒரு செலவினம் ஆவார். கல்விக்குச் செய்யும் செலவினத்தால் நாட்டின் பொருளாதாரம் வளருமா என்பது ஆய்வில் உள்ளது. ஆய்வு முடியும்வரை பொறுமை காக்கவும். பொறுமைக்குச் செலவினம் இல்லை.'

சந்திரவல்லி மூன்று தரம் படித்தாள். "ஏன் டீச்சர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆளு கேட்டா, அது ஆராய்ச்சியில இருக்குங்காக? எனக்குத்தான் வெளங்கலையா?"

"எனக்கும் வெளங்கலக்கா. ஆனா கையெழுத்து மட்டும் நாலு பேரு போட்டிருக்காங்க" என்றார் தேவகிருபை டீச்சர்.

நாலு பேரில் ஒருவர் அடுத்த மாதம் நேரிலேயே வந்து இறங்கினார். இணை இயக்குநர் முத்துக்கிருஷ்ணன். அவருக்கு முன்னால் ஒரு காரும் பின்னால் ஒரு காரும் வந்தன. முன் காரில் ஒரு வரைபடம் வந்தது, பின் காரில் அதை மாட்டுவதற்கு ஆணி வந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆணி அடித்ததும் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுந்ததால், படத்தை ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார்கள்.

"தாய்மார்களே!" என்று ஆரம்பித்தார் இணை இயக்குநர். "வளர்ந்த நாடுகள் எல்லாம் கல்விக்குச் செலவழித்திருக்கின்றன. உண்மை. ஆனால் செலவழித்ததால் வளர்ந்தனவா, வளர்ந்ததால் செலவழித்தனவா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக ஆணையத்தில் நாற்பத்திரண்டு பேர் பதினோரு வருடமாகச் சம்பளம் வாங்குகிறோம். நடுவில் அவசரப்பட்டு ஓர் ஆசிரியரை அனுப்பிவிட்டால் ஆய்வு கெட்டுவிடும். அதோடு, இன்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் நாட்டுக்குப் பலன் தெரிய இருபத்தைந்து ஆண்டாகும். எனக்கு ஓய்வுபெற மூன்று ஆண்டுதான் இருக்கிறது. என் காலத்துக்குள் பலன் தராத ஒன்றை நான் எந்த மனச்சாட்சியோடு பரிந்துரைப்பது?"

அவர் மனச்சாட்சி என்று சொன்ன இடத்தில் உதவியாளர்கள் கை தட்டினார்கள். தட்ட வேண்டும் போலிருக்கிறது என்று ஊர்ப் பெண்களும் தட்டினார்கள்.

பிறகு சந்திரவல்லியை எழுந்திருக்கச் சொன்னார்.

"நீங்கள் எத்தனாவது?"

"எட்டாவது சார்."

"அப்போது எத்தனை ஆசிரியர்கள்?"

"அஞ்சாவது வரைக்கும் இங்கனதான் சார். மூணு வாத்தியாரு இருந்தாக."

"மூன்று! அரசு உங்கள்மேல் முதலீடு செய்திருக்கிறது. அந்த முதலீடு இப்போது என்ன செய்கிறது?"

சந்திரவல்லி யோசித்துப் பார்த்தாள். "காயெடுக்குது சார்."

"எங்கே?"

"மெட்டுக்கு அங்கிட்டு. பூப்பாறைப் பக்கம்."

இணை இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "குறித்துக்கொள்ளுங்கள்! செலவு நம்முடையது, வளர்ச்சி பக்கத்து மாநிலத்துடையது! தினமும் காலையில் நம் கல்வி ஜீப் ஏறிப் போய்விடுகிறது!" என்று உதவியாளரைப் பார்த்துக் கத்தினார். அந்த இடத்திலேயே, மெட்டுச் சோதனைச் சாவடியில் ஒரு நாள் ஜீப்புகளை மறித்து, எவ்வளவு படிப்பு மலை ஏறுகிறது என்று கணக்கெடுப்பது என முடிவானது. ஏதோ களவாணிச் சோலி பார்த்தவளைப் போலச் சந்திரவல்லி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். படித்தது தப்பா, காயெடுத்தது தப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

போகும்போது ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'வருகிற புதன்கிழமை, பன்னிரண்டு மாணவர்களை மாதிரியாக ஆய்வு செய்வோம். முடிவு திருப்தியாக இருப்பின் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.'

இங்கேதான் சந்திரவல்லி இரண்டாவது தப்பைச் செய்தாள். செய்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது.

மலையில் காய் இல்லாத மாதங்களில் அவள் போடியில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குவாள். வருஷம் பதினாறு ஆகிறது. முறத்தில் கொட்டினால் கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் பிரித்துவிடும்: பருத்த பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்ததும் சுருங்கலும் ஒரு பக்கம். ஏலத்துக்கு மூட்டை போகாது, சாம்பிள்தான் போகும். வியாபாரி அதைத்தான் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து விலை சொல்வான். ஆகவே சாம்பிள் என்றால் பொறுக்கித்தான் வைக்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், போடியில் பிறந்திருந்தால் போதும்.

"அக்கா, அவங்க மாதிரின்னு சொல்றது அது இல்ல. கண்ண மூடிட்டு ஏதோ பன்னெண்டு பேர எடுப்பாங்க. அப்பத்தான் உண்மை தெரியும்" என்றார் தேவகிருபை டீச்சர்.

சந்திரவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ண மூடிக்கிட்டு சாம்பிள் எடுத்தா எந்த யாவாரி டீச்சர் வெல கேப்பான்? பன்னெண்டும் பளிச்சுனு இருக்கட்டும், பாத்ததும் இன்னொரு டீச்சரப் போட்டுருவாக. நீங்க பேசாம இருங்க."

டீச்சர் பேசாமல்தான் இருந்தார். இன்னொரு டீச்சர் வந்தால் தேவலை என்று அவருக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு பிள்ளைகளையும் சத்துணவுக் கூடத்தில் உட்கார வைத்தாள். தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் புத்தகத்தில் நாலு வரி படிக்கச் சொன்னாள். கடகடவென்று படித்தது வலது பக்கம். திக்கினாலும் தேறும் என்றது நடுவில். வாயைத் திறக்காதது இடது பக்கம். அவள் கைக்கு அந்த வேலை அவ்வளவு பழக்கமாக இருந்தது. கற்பகம் மகன் இடது பக்கம் போனபோது கற்பகம், "என்னக்கா, எம் மயன் சுருங்கலா?" என்று கேட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சந்திரவல்லியும் சிரித்தாள்.

கடைசியில் சுஜிதா வந்தாள். "பட்..." என்றாள். அதற்குமேல் ஓடவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி அம்மா முகத்தைப் பார்த்தாள்.

வாசலில் நின்ற பொம்பளைகள் அத்தனை பேரும் சந்திரவல்லியைப் பார்த்தார்கள். ஊர்ப் பிள்ளையை ஒதுக்கிவிட்டுத் தன் பிள்ளையைச் சேர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சந்திரவல்லி மகளின் தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பி விட்டாள். அந்த நேரத்தில், வெட்கக்கேடு, அவளுக்குத் தன்னை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்தாயா, நான் எவ்வளவு நியாயமானவள் என்று.

வீட்டுக்கு வந்ததும் சுஜிதா கேட்டாள். "நான் ஏம்மா பொதங்கிழமை பள்ளிக்கூடம் போகக்கூடாது?"

"ஒரே ஒரு நா ஆத்தா. நீ அன்னைக்கு இல்லேன்னா ரெண்டாவது டீச்சர் வந்துருவாக. அவுக ஒனக்கு ஒக்காந்து சொல்லிக் குடுப்பாக. நீயும் கடகடன்னு படிச்சிருவ."

"நான் இல்லேன்னா வந்துருவாகளா?"

"வந்துருவாக."

சுஜிதா தலையை ஆட்டினாள். பிள்ளை நம்பிவிட்டது.

புதன்கிழமை ஒதுக்கிப் போட்ட பத்தொன்பது பிள்ளைகளில் சிலது பக்கத்து ஊர் சிலமலைக்குச் சித்தி வீட்டுக்குப் போனது, சிலதுக்குக் காய்ச்சல் வந்தது. சுஜிதாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அப்பன் பாண்டித்துரை லோடு லாரியில் கொச்சிப் பக்கம் போயிருந்தான். அதனால் கற்பகத்தோடு டிரைவர் மொக்கச்சாமியின் ஜீப்பில் அவளை மலைக்கு ஏற்றி விட்டாள். தான் மட்டும் நல்ல சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

பன்னிரண்டும் பளிச்சென்று படித்தன. ஒருத்தி ஆங்கிலத்தில் மழை பற்றிப் பாட்டே பாடினாள். மற்ற பிள்ளைகள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு கேட்டோம், பன்னிரண்டு இருக்கிறது, கணக்குச் சரி. இணை இயக்குநர் ஒரு பையனின் கன்னத்தைக் கிள்ளி, "எத்தனை ஆசிரியர் உனக்கு?" என்றார். "ஒண்ணு" என்றான். "ஒன்றே ஒன்று!" என்று அவர் கண் பளபளக்க எழுதிக்கொண்டார். அவர் எழுதிய வேகத்தைப் பார்த்துச் சந்திரவல்லி, டீச்சருக்கு ஆர்டரே எழுதுகிறார் என்று நினைத்தாள்.

அதே நேரத்தில் மெட்டுச் சாவடியில் ஆணையத்தின் ஆட்கள் ஜீப்புகளை மறித்து நிறுத்தியிருந்தார்கள். நாலு வளைவுக்குக் கீழே வரைக்கும் ஜீப்புகள் நின்றன. ஒவ்வொரு பெண்ணாக இறக்கி, எத்தனாவது படித்தாய், எந்த ஊரில் படித்தாய், படித்ததில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று கேட்டார்கள். மொக்கச்சாமி ஜீப்பில் ஒன்பது வயசுப் பிள்ளை ஒன்று இருந்தது. ஆணையத்தின் படிவத்தில் 'குழந்தை' என்றொரு கட்டம் இல்லை. இருந்த கட்டங்களை நிரப்பினார்கள். படிப்பு: நாலாம் வகுப்பு. பள்ளி: ஊத்துக்கரடு. செல்லுமிடம்: ஏலத்தோட்டம்.

அன்றைக்குத் தோட்டத்துக்கு நேரம் தாண்டிப் போனதால் வந்த பெண்களுக்கெல்லாம் பாதிநாள் கூலிதான் போட்டார்கள். சுஜிதா மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த காயைப் பொறுக்கிக் கற்பகத்தின் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இறங்கி வந்ததும் முதல் கேள்வி, "டீச்சர் வந்துட்டாகளாம்மா?"

"வருவாக ஆத்தா. ஆர்டர் எழுதிட்டுத்தான் போயிருக்காக."

இரண்டு மாதம் கழித்துப் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். சந்திரவல்லியை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் 'குறைந்த செலவில் நிறைந்த கல்வி: முதலிடம்' என்று எழுதியிருந்தது. அவளுக்கு முதலிடம் என்பதைவிட முதல் வார்த்தைதான் கண்ணில் குத்தியது.

இணை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"ஊத்துக்கரடு பள்ளியில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு மாணவர்கள் தேர்ச்சி! ஒரே ஆசிரியர்! ஆக, இரண்டாம் ஆசிரியர் என்பவர் தேவையே இல்லை என்று விஞ்ஞானப்பூர்வமாக நிரூபணம் ஆகிவிட்டது. அது மட்டுமல்ல, இருக்கிற ஆசிரியரே அதிகமோ என்ற ஐயமும் எழுந்துள்ளது. எனவே அவரை வாரத்தில் மூன்று நாள் வேறு பள்ளிக்கு அனுப்பிச் சோதிக்கப் போகிறோம்!"

கைதட்டல். கீழே மூன்றாவது வரிசையில் இருந்த தேவகிருபை டீச்சர் சந்திரவல்லியை ஒரு பார்வை பார்த்தார். சந்திரவல்லி மடியில் இருந்த கேடயத்தைக் குப்புறத் திருப்பினாள்.

"இன்னொரு மகத்தான செய்தி. கல்வியின் பலனுக்கு இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள். நானே சொல்லியிருக்கிறேன். வெட்கப்படுகிறேன்! மெட்டுச் சாவடிக் கணக்கெடுப்பில், இதே பள்ளியின் நாலாம் வகுப்பு மாணவி, ஒன்பதே வயதில், பள்ளி நாளன்றே, உழைப்புச் சந்தையில் நுழைந்திருப்பது கண்டறியப்பட்டது. நாலே ஆண்டில் பலன்! உலகத்தில் எந்த நாடும் எட்டாத வேகம்!"

மண்டபமே எழுந்து நின்று தட்டியது.

சந்திரவல்லி எப்படி எழுந்தாள், எப்படி மைக்குக்கு முன்னால் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பொன்னாடை ஒரு தோளில் நழுவிக் கிடந்தது.

"சார், அது எம் மக."

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"தட்டாதீக. அவளுக்குப் படிக்க வராது சார். 'பட்டம்'னு எழுதுனா வாசிக்கத் தெரியாது. நாலாவதுக்கு வந்தும் தெரியாது. அதனால நாந்தான் ஒதுக்கி ஜீப்புல ஏத்தி விட்டேன். நான் பெத்ததையும் ஊராரு பெத்ததையும் காயப் பொறுக்குற கணக்கா பொறுக்கிட்டேன். நீங்க பாத்தது சாம்பிளு சார். மூட்டைய நான் ஒளிச்சு வச்சுட்டேன். எம்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. டீச்சர மட்டும் எடுத்துறாதீக."

இணை இயக்குநர் மெதுவாக வந்து அவள் தோளில் பொன்னாடையைச் சரிசெய்து விட்டார். பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாருங்கள் இந்தத் தாயின் தன்னடக்கத்தை!"

இறங்கும்போது படிக்கட்டில் தனியாக மறித்துச் சொன்னார். "அம்மா, நீங்கள் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அறிக்கை அச்சாகிவிட்டது. ஐந்நூறு பிரதி. கெட்டி அட்டை." அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. விழா நடவடிக்கைக் குறிப்பில், 'குழுத் தலைவர் உணர்ச்சிப் பெருக்கில் நன்றி கூறினார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

கேடயத்தை வீட்டில் வைக்கச் சந்திரவல்லிக்கு மனசு வரவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டாள். தெருவில் தாய்மார்கள் எதிரே வந்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்களாவது நாலு வார்த்தை திட்டினால் ஆறியிருக்கும். "நீ நல்லதுக்குத்தானக்கா செஞ்ச" என்றாள் கற்பகம். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

விஷயம் அத்தோடு முடியவில்லை. ஊத்துக்கரடு முன்மாதிரிப் பள்ளியாகிவிட்டது. குறைந்த செலவில் நிறைந்த கல்வி எப்படி என்று பார்க்க, மற்ற மாவட்டங்களிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை ஆட்கள் வருவார்கள் என்று உத்தரவு வந்தது. மறுநாள் முதல் கோஷ்டி வருகிறது என்று ஆணையத்திலிருந்து போன் வந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் டீச்சர் கிடையாது; அவர் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

சந்திரவல்லி ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். இந்தத் தடவை முப்பத்தொன்றையும் உட்கார வைத்துவிடுவது, சுஜிதாவை முதல் வரிசையில். படிக்கத் தெரியாமல் முழிக்கட்டும், அதையும் எழுதிக்கொண்டு போகட்டும். தோட்டத்துக்கு வரமாட்டேன் என்று கங்காணியிடம் சொல்லியாயிற்று. காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மகளை எழுப்பப் போனாள். பாயில் ஆள் இல்லை. தூக்குச்சட்டியும் இல்லை.

ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டு ஓடினாள். மொக்கச்சாமி ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது.

"ஏத்தா, நீ வரலேன்னு சொன்னாக. ஒம் மக ஏறி ஒக்காந்திருக்கா" என்றார் மொக்கச்சாமி. "ஏத்தவா, எறக்கவா? வெரசா சொல்லு."

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். சுஜிதா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு ஆத்தா. பள்ளிக்கூடம் போவோம். நானும் வர்றேன்."

சுஜிதா கம்பியைப் பிடித்த கையை விடவில்லை.

"இன்னைக்கு ஆளுக வர்றாகல்லம்மா. நான் அங்க இருந்தா டீச்சர் வர மாட்டாக."

சந்திரவல்லி மகளின் தூக்குச்சட்டியை வாங்கக் கை நீட்டினாள்.

"ஒரு நா போனது பத்தல போலம்மா" என்றாள் சுஜிதா, பெரியமனுஷி மாதிரி. "இன்னும் கொஞ்ச நாளைக்குப் போறேன். டீச்சர் வந்ததும் சொல்லி விடு, வந்துர்றேன்."

சந்திரவல்லி ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் காலடியில், தூக்குச்சட்டிகளுக்கு நடுவில், இடது பக்கம் போன பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.